தேனீக்களுக்குச் சர்க்கரைக் குளியல்!

ஒரு கண்ணாடிச் சாடி. அதற்குள் 300 தேனீக்கள். மூடிக்குப் பதில் கம்பி வலை. வலை வழியாக இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரையைப் போட்டு, சாடியை மெதுவாக உருட்டுகிறார் ஒருவர். மாவுப் பானைக்குள் விழுந்த எலி போல் தேனீக்கள் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடுகின்றன.

இது விளையாட்டு அல்ல. ஆஸ்திரேலியாவில் தேனீ வளர்ப்பவர்கள் செய்யும் சோதனை!

அவர்கள் தேடுவது ஓர் உண்ணியை. அதன் பெயர் வர்ரோவா. செம்பழுப்பு நிறம். கடுகளவுதான் இருக்கும். ஆனால், தேனீயின் உடம்போ சிறியது. மனிதன் முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

தேனீயின் உடம்பில் உள்ள கொழுப்பை அது உறிஞ்சுகிறது. நோய்க் கிருமியையும் பரப்புகிறது. கிருமி தொற்றிய குஞ்சுகள் சுருங்கிய இறக்கையோடு பிறக்கின்றன. பறக்க முடியாத தேனீ எதற்கு ஆகும்?

பழைய பகையாளி

உண்ணியின் பூர்வீகம் ஆசியா. நமது மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் வளரும் தேனீயின் இனம்தான் அதற்குப் பழைய வீடு. இந்தத் தேனீக்களுக்கு உண்ணியைத் தட்டிவிடத் தெரியும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஆஸ்திரேலியாவில் பெட்டிகளில் வளர்வது பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீதான்.

துறைமுகத்தில் பிடிபட்டது

கப்பலில் பூச்சி எதுவும் வந்து இறங்கினால் உடனே தெரியவேண்டும் என்று, நியூகாசில் துறைமுகத்தில் காவல் பெட்டிகள் வைத்திருந்தார்கள். 2022 ஜூன் மாதம் அந்தப் பெட்டிகளில் உண்ணி இருந்தது! அதற்கு முன் இந்த உண்ணி அங்கே கால் ஊன்றியதே இல்லை.

உண்ணி தென்பட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருந்த பெட்டிகளை அழிக்க உத்தரவாயிற்று. உண்ணி இல்லாத பெட்டிக்கும் அதே கதி! பல ஆண்டு பாடுபட்டு வளர்த்த கூட்டங்கள் ஒரே நாளில் மடிந்தன. வளர்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் போயும் உண்ணி போகவில்லை. "இனி ஒழிக்க முடியாது, சமாளிக்கத்தான் வேண்டும்" என்று 2023 செப்டம்பரில் முடிவு செய்தார்கள்.

சமாளிப்பது என்றால், எண்ணிப் பார்ப்பது.

எண்ணுவது எப்படி?

முதலில் ராணித் தேனீ எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அது சாடிக்குள் போய்விட்டால் ஆபத்து. பிறகு, புழுக்கள் உள்ள சட்டத்திலிருந்து அரை கோப்பைத் தேனீக்களை அள்ளவேண்டும். ஏறக்குறைய 300 இருக்கும்.

சர்க்கரை பட்டதும் உண்ணியின் பிடி நழுவும். சில நிமிடம் கழித்துச் சாடியைக் கவிழ்த்து, வெள்ளைத் தட்டில் குலுக்குவார்கள். தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரையும். உண்ணிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

300 தேனீக்களில் 9 உண்ணி, அதாவது 100க்கு 3 இருந்தால் மருந்து வைக்கும் நேரம் வந்துவிட்டது என்பது பல நாடுகளில் வழக்கம்.

சோதனை முடிந்ததும் தேனீக்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தேனீக்கள் ஓடி வந்து, அவற்றின் மேல் இருக்கும் சர்க்கரையை நக்கித் தீர்க்கின்றன!