விரலில் வைக்கும் மையும் மூளையைக் காட்டிய வெள்ளியும்

தேர்தலன்று நம் விரலில் வைக்கும் மை எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லையே, ஏன் என்று யோசித்ததுண்டா? 1962 பொதுத் தேர்தலிலிருந்து பயன்பட்டு வரும் அந்த மை மைசூரில் தயாராகிறது. அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். அதிலுள்ள வெள்ளி தோலில் ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடுகிறது. பழைய தோல் உதிர்ந்தால்தான் கறை போகும்.

நரம்பு செல்லை முழு உருவத்தில் முதலில் காட்டியதும் இதே சில்வர் நைட்ரேட்தான். இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே, தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் கமில்லோ கோல்ஜி என்ற மருத்துவர் சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துக் கெட்டியாக்கி, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். நூற்றில் ஒரு சில செல்கள் மட்டும் கிளைகளோடு முழுசாகக் கறுத்து நின்றன. 1873-இல் இதை வெளியிட்டார். எல்லா செல்களும் கறுத்திருந்தால் வெறும் இருட்டுதான் தெரிந்திருக்கும்! அந்தச் சில செல்கள் மட்டும் ஏன் கறுக்கின்றன என்பதற்கு இன்றும் தெளிவான விடையில்லை.

ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் இந்த முறையைச் செம்மைப்படுத்தி, நரம்பு செல்கள் தனித்தனியானவை என்று 1888-இல் காட்டினார். கோல்ஜியோ எல்லாம் ஒரே வலை என்றார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. கோல்ஜி தம் பரிசுரையிலேயே மற்றவரின் கொள்கையை மறுத்தார். ஆனால் கஹால் சொன்னதுதான் நிலைத்தது. கருவி செய்தவர் ஒருவர், அதை வைத்துச் சரியாகப் பார்த்தவர் இன்னொருவர். பட்டறைக்காரனான எனக்கு இது புதிதல்ல.

1979-இல் வெள்ளி புரதங்களுக்கும் வந்தது. புரதங்களை ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் பிரித்து, வெள்ளியால் கறுக்க வைத்தார்கள். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராம் அளவுகூடத் தெரியும். ஆனால் பழைய ஃபிலிம் கழுவுவதைப்போல டெவலப்பர் ஊற்றி, சரியான நேரத்தில் நிறுத்தியாக வேண்டும். தாமதித்தால் ஜெல் முழுவதும் கறுத்துவிடும். அதனால் கறுப்பை வைத்து, புரதம் எவ்வளவு என்று சரியாக அளப்பது கடினம். நோயுற்ற திசுவில் எந்தப் புரதம் கூடியது, எது குறைந்தது என்று பார்ப்பவர்களுக்கு அந்த அளவுதானே முக்கியம்?

2018-இல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழுவினர் வேறு வழி காட்டினார்கள். புரதத்தில் வெள்ளி ஒட்டியதும் மிச்சத்தைக் கழுவிவிட்டு, ஒரு சாயத்தை ஊற்றுகிறார்கள். கரைசலில் மங்கிக் கிடக்கும் அந்தச் சாயம் வெள்ளியோடு சேர்ந்து திரண்டதும் ஒளிர்கிறது. டெவலப்பரே தேவையில்லை.

ரயில்வே பணிமனைகளில் சக்கர அச்சில் விரிசல் தேட ஒளிரும் காந்தத்தூள் பயன்படுத்துவதுண்டு. பகலில் கண்ணுக்குத் தப்பும் மயிரிழை விரிசல், இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே பச்சைக் கோடாகப் பளிச்சிடும்.