இரப்பர் வில்லையின் அகவை

ஈம்சு இணையர் வடிவமைத்த ஒட்டுப்பலகை நாற்காலி ஒன்று விலைக்கு வந்தால், பழம்பொருள் திரட்டுவோர் பெரும்பாலும் மேலேட்டின் மரவரியைத்தான் தடவிப் பார்ப்பர். நானாக இருந்தால் அதைக் கவிழ்த்து, முதுகுப் பலகையின் பின்னே ஒட்டியிருக்கும் இரப்பர் வில்லைகளை முதலில் அழுத்திப் பார்ப்பேன்.

மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் பொருள். பச்சை மரம் உலரும்போது இழையோட்டத்தின் நெடுக்கே ஏற்படும் சுருக்கம் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. குறுக்கே 5 முதல் 10 வரையும் போகும். மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பிசினால் ஒட்டினால், ஒரு தாளின் அசைவை அடுத்த தாள் தடுத்துவிடும். தட்டையான பலகைக்கு இவ்வளவு போதும். சார்லசு ஈம்சும் இரே ஈம்சும் விரும்பியதோ, ஒரே நேரத்தில் இரு திசைகளில் வளைந்த பலகை. காகிதத்தைச் சுருட்டலாம், கிண்ணமாக்க முயன்றால் மடிப்பு விழும், இல்லையேல் கிழியும். மரத்தாளுக்கும் அதே நிலைதான். 1940களின் தொடக்கத்தில், இலாசு ஏஞ்சலிசில் இரிச்சர்டு நியூட்ரா வடிவமைத்த அடுக்ககம் ஒன்றில் குடியிருந்தபடியே, மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழலால் அழுத்தம் தந்து மரத்தாள்களை வளைக்கும் பொறியை அவர்கள் அமைத்தனர். அதற்குக் 'கசாம்' என்று பெயர். போரின்போது அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து தந்த கால்சிம்பு இம்முயற்சியின் விளைவே. அதிலுள்ள திறப்புகள் கட்டுத்துணி நுழைவதற்காக மட்டும் அமைந்தவை அல்ல. வளைவு மிகும் இடத்தில் மரத்தின் தகைவைத் தளர்த்தவும் அவை உதவின.

நாற்காலிக்கு வந்தபோது, இருக்கையும் முதுகும் ஒன்றாய் அமைந்த ஓடு, இரண்டும் கூடும் வளைவில் விரிசல் கண்டது. ஆகவே இரண்டையும் பிரித்தனர். பிரித்தவற்றைச் சட்டகத்தோடு நெகிழ்வாக இணைக்க வந்தவையே அந்த வில்லைகள். மரத்தின் முகத்தில் திருகாணி தெரியாது. சாய்ந்தால் முதுகுப் பலகை சற்றே இசைந்து கொடுக்கும். அழகிய தீர்வுதான், ஆனால் மரத்தின் ஆயுள் இரப்பருக்கு இல்லை.

இயற்கை இரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்துள்ளன. கந்தகம் கலந்து சூடேற்றும்போது சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றி மீள்தன்மையை உறுதிப்படுத்துகின்றன. எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள உயிர்வளியும் ஓசோனும் ஓயாது தாக்குகின்றன. ஓரிடத்தில் சங்கிலி அறும். வேறிடத்தில் குறுக்குப் பிணைப்பு மிகும். பின்னது மேலோங்கினால் வில்லை இறுகிவிடும். இறுகிய வில்லை அதிர்வை வாங்காது. விசை முழுவதும் ஒட்டின்மேல் விழும். ஒருநாள் பருத்த விருந்தினர் எவரேனும் சாய, வில்லை மரத்தாளை உரித்துக்கொண்டு பெயர்ந்து வரும். புது வில்லை பொருத்தினால் நாற்காலியின் மூலத்தன்மை கெட்டுவிடும் எனத் தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் எனக்கு உடன்பாடன்று. வில்லைக்கு மாற்று உண்டு. உரிந்துபோன மரவரிக்கு இல்லை.

1950இல் விற்பனைக்கு வந்த ஈம்சு இணையரின் கண்ணாடியிழை நாற்காலி வேறு விதமாக மூப்படைகிறது. பாலியெசுட்டர் பிசினில் கண்ணாடி இழைகளைப் பதித்துச் செய்யும் அக்கலவை, வானலைகளை மறிக்காது என்பதால் போர்க்காலத்தில் இராடார் மூடிகளுக்குப் பயன்பட்டது. புற ஊதாக் கதிர் பிசினைச் சிதைக்கும். கண்ணாடியை ஒன்றும் செய்யாது. பிசின் தேயத் தேய இழைகள் தலைநீட்டி, அமர்வோரின் ஆடையை உறுத்தும். தொடக்கக் கால ஓடுகளின் விளிம்பில் ஒரு கயிறு பதிந்திருக்கும். திரட்டுவோர் விரலால் தேடுவது அதைத்தான்.

இவ்விணையர் 1949இல் பசிபிக் பாலிசேட்சில் கட்டிக்கொண்ட வீட்டையும் ஒளியும் ஈரமும் விட்டுவைக்கவில்லை. தொழிற்சாலைகளில் ஆயத்தமாகக் கிடைத்த எஃகுச் சட்டங்களாலும் கண்ணாடியாலும் எழுந்த வீடு அது. காண வருவோர் பெரும்பாலும் வெளியே நின்று, கண்ணாடி வழியாகவே கூடத்தைப் பார்க்கின்றனர். பாதுகாப்புக்காகச் செய்த பணிகள் அவர்கள் கண்ணுக்கு எளிதில் புலப்படா. கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வில், கூடத்தின் மரச்சுவர் டாலோவுட் எனத் தெரியவந்தது. அதுவும் யூகலிப்டசு வகை மரமே. வீட்டின் முன் வரிசையாக நிற்பவையும் யூகலிப்டசு மரங்கள்தாம். சுவரைத் தூய்மை செய்து, மாற்றாமல் விட்டனர். கல்நார் கலந்த நெகிழித் தரை ஓடுகளோ கீழிருந்து ஏறிய ஈரத்தால் கெட்டிருந்தன. அவற்றைப் பெயர்த்தெடுத்து, அடியில் ஈரத்தடுப்பு இட்டு, புதிய ஓடுகளைப் பதித்தனர்.