லாகின் எங்கே கேட்பது?

"மேடம், போட்டோவை 50 கேபிக்குள்ள கொண்டு வரணும், எப்படி?"

பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பிரிவில் நான் இருந்த காலத்தில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். நெட் தேர்வு, ஸ்காலர்ஷிப், வங்கித் தேர்வு என்று எந்த விண்ணப்பம் வந்தாலும் அந்த வாரம் முழுக்க இதே பாட்டு. கதவில் 'மின்னிதழ்கள், ஆய்வுத் தரவுத்தளங்கள்' என்று பலகை மாட்டியிருப்போம். உள்ளே வருகிற பிள்ளைக்கு வேண்டியது கையெழுத்தை ஸ்கேன் செய்வதும் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுப்பதும்தான். இதெல்லாம் நூலகத்தின் வேலையா என்று முகம் சுளித்த சக ஊழியர்கள் உண்டு. என் கட்சி வேறு. போட்டோவுக்காக ஒருமுறை வந்த பிள்ளைதான் பின்னொரு நாள் "இந்தக் கட்டுரை திறக்க மாட்டேங்குது மேடம்" என்று தைரியமாக வந்து நிற்கும். முதல்முறை விரட்டிவிட்டால் இரண்டாம்முறை வராது.

எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, நூலகத்தில் கணினி எதற்கு என்று நிதி ஒதுக்கும் கூட்டங்களில் ஒருவராவது கேட்பார். போனில் வகுப்பு கேட்கலாம், பாடம் பார்க்கலாம். 200 பக்க ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு போட்டுப் பார்க்கட்டும், அப்போது தெரியும். புள்ளியியல் மென்பொருளும் பெரிய அட்டவணையும் அதில் வேலைக்கு ஆகாது. விடுதி அறையில் நாலு பேருக்கு ஒரு லேப்டாப் என்றால், சொந்தக்காரர் தூங்கிய பிறகுதான் அடுத்தவருக்கு முறை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் மணிக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு. நூலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் எங்கள் நூலகத்தில் கணினி என்றால் தலைமை நூலகர் அறையில் துணி போர்த்தி வைத்திருந்த ஒன்றுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போகணும். புத்தகம் தேடுவதெல்லாம் கேட்லாக் கார்டில்: மரப்பெட்டி, இழுப்பறை, கார்டுகளின் ஓட்டையில் கோத்த கம்பி. பல்கலைக்கழக நூலகங்களைக் கணினிமயமாக்க மானியக் குழுவான யுஜிசி 1991-ல் தொடங்கிய திட்டம்தான் இன்ஃப்ளிப்நெட். 1996-ல் அது தன்னாட்சி மையம் ஆனது. இன்று காந்திநகரில் இருக்கிறது. நூலகங்களுக்கென்று அவர்கள் உருவாக்கிய 'சோல்' மென்பொருள் 2000-ல் வந்தது. அதன் பிறகு எங்கள் வேலையே மாறிப்போனது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பார்கோடு ஒட்டி, கார்டில் இருந்ததையெல்லாம் தட்டச்சு செய்தோம்.

அங்கேதான் தமிழ்ப் புத்தகங்கள் மாட்டிக்கொண்டன. தமிழ்த் தலைப்புகளை அப்போது ஆங்கில எழுத்தில்தான் ஏற்றினோம். சிலப்பதிகாரத்துக்கு முதல் எழுத்து 'எஸ்'ஸா, 'சி'யா? காலை ஷிஃப்ட்டில் இருந்தவர் ஒன்று போட்டார், மாலை ஷிஃப்ட்டில் இருந்தவர் இன்னொன்று போட்டார். நடுவில் வரும் 'தி'க்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். மாணவர் ஒன்றைத் தட்டித் தேடுவார், 'இல்லை' என்று வரும். புத்தகமோ அலமாரியில் தூசி படிந்து நிற்கும். தமிழைத் தமிழ் எழுத்திலேயே பதிய வைக்கும் யூனிகோடை ஏற்கும் சோல் 2.0 2009-ல் வந்தது. ஆனால் பழைய பதிவுகளை யார் திரும்ப அடிப்பது? பல நூலகங்களில் இன்றும் பாதி தமிழ் எழுத்தில், பாதி ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பட்டியலான ஓபேக்கில் தமிழ்ப் புத்தகம் தேடி 'இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள், அல்லது அலமாரிக்கே போய்ப் பாருங்கள்.

இந்த எழுத்துச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்வையற்ற ஒரு தம்பி எனக்குக் காட்டினார். தமிழ்த்துறையில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். ஓர மேசைக் கணினியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மானிட்டரை அணைத்துவிடுவார். அவருக்கு அது தேவையில்லை. காதில் ஹெட்போன், கை கீபோர்டில். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை அந்தக் கணினியில் போட்டிருந்தோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இருவர் உருவாக்கியது. இருவருமே பார்வையற்றவர்கள். 2006-லிருந்து உலகம் முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். அதற்கு முன் இருந்த வழி 'ஜாஸ்' மென்பொருள். அதன் விலையைக் கேட்டால் எந்தத் துறைத் தலைவரும் கோப்பை மூடிவிடுவார். தம்பி வைத்திருந்த வேகத்தில் அது பேசுவது எனக்கு இரைச்சலாகத்தான் கேட்கும். அவருக்கு அதுதான் சரியான வேகம்.

ஒருநாள் "மேடம், இங்க வாங்களேன், இது என்ன பாஷை?" என்று ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு குரல், "ஜே கே பி ஓ செமிகோலன்" என்றது. மானிட்டரைப் போட்டுப் பார்த்தால் திரையில் அழகாக 'தமிழ்' என்றிருக்கிறது. அது சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்திலிருந்து இறக்கிய பழைய ஆய்வேடு, பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க அழுத்த வேண்டிய விசைகள் அவைதாம். கண்ணுக்குத் தமிழ்போலத் தெரிந்தாலும் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் குவியல். பார்வையுள்ளவர்கள் அதைக் கவனிக்காமலே வருஷக்கணக்கில் கடந்துபோய்விட்டோம். கூகுளில் அந்த ஆய்வேட்டின் ஒரு வரியைக்கூடத் தேடி எடுக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

பிஎச்.டி. ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று யுஜிசி 2009-ல் விதி கொண்டுவந்தது. அப்படிச் சேர்பவை இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நல்ல காரியம். ஆனால் தமிழ் ஆய்வேடுகளில் எத்தனையோ இப்படி ஊமையாகக் கிடக்கின்றன. பாமினியில் இருப்பதை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம். தாளை ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னும் மோசம், அவை வெறும் படங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றலாம். ஆனால் 'ர' இருக்கும் இடத்தில் துணைக்கால் வந்து உட்காரும், துணைக்கால் இருக்கும் இடத்தில் 'ர' வரும். உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டும். நூலக அறிவியல் மாணவிகள் சிலர் மாலையில் வந்து திருத்திக் கொடுத்தார்கள்.

இப்படி மாற்றிக் கொடுப்பது காப்புரிமை மீறல் இல்லையா என்று அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. இதே நோக்கத்துக்காக உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-ல் உலகிலேயே முதலில் ஒப்புதல் கொடுத்த நாடும் இந்தியாதான். இரண்டையும் எழுதிப் பதில் அனுப்பினேன். மறுபடி குறிப்பு வரவில்லை.

இனி, கட்டுரை திறக்காத கதைக்கு வருகிறேன். வளாகத்தில் உட்கார்ந்து சொடுக்கினால் திறக்கிற ஆய்விதழ், ஊருக்குப் போய்ச் சொடுக்கினால் 30, 40 டாலர் கட்டு என்கிறது. பிள்ளைகளுக்கு இது மாயமாகத் தெரியும். சங்கதி எளிது. ஆய்விதழ் வெளியிடும் பதிப்பகம் ஆளைப் பார்ப்பதில்லை, எந்த வலைப்பின்னலிலிருந்து கோரிக்கை வருகிறது என்று பார்க்கிறது. பல்கலைக்கழகத்துக்கென்று சில ஐ.பி. முகவரிகள் உண்டு. அவற்றிலிருந்து வந்தால் சந்தா கட்டியவர் என்று கதவைத் திறக்கும். உங்கள் போன் டேட்டாவில் போனால் நீங்கள் யாரோ. இதற்காகத்தான் இன்ஃபெட் போன்ற தொலைநிலை லாகின் இருக்கிறது. நூலகம் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தால், வீட்டிலிருந்தும் 'இவர் எங்கள் மாணவர்' என்று உங்கள் நிறுவனமே பதிப்பகத்துக்குச் சொல்லிவிடும். ஏற்பாடு இருக்கிற இடத்திலும் கேட்டு வாங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் நண்பர் அனுப்பிய ஏதோ தளத்திலிருந்து இறக்கிக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் பணம் கட்டியாகிவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. முன்பெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஒரு தட்டு, சின்ன ஊர்க் கல்லூரிக்கு ஒரு தட்டு. இப்போது ஐ.ஐ.டி. மாணவர் திறக்கும் அதே இதழை மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரிப் பெண்ணும் திறக்கலாம். காகிதத்தில் அப்படித்தான். அந்தக் கல்லூரி முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும், மாணவிக்கு லாகின் தர அங்கே ஒருவர் இருக்க வேண்டும். நூலகர் பணியிடம் காலியாக இருக்கிற கல்லூரியில் யார் தருவது? என் வருத்தம் முழுக்க இங்கேதான். 6,000 கோடிக்குக் கையெழுத்தாகிவிடுகிறது, கடைசி மேசையில் உட்கார ஒரு ஆளுக்குச் சம்பளம் போட மனசு வருவதில்லை.

கணினி வாங்குவதிலும் இதே கதைதான். நிதியாண்டு முடிகிற மார்ச்சில் மொத்தமாக வந்து இறங்கும். ரிப்பன் வெட்டி, படம் எடுத்துத் திறப்பார்கள். வாரன்ட்டி முடிகிற வரை ஓடும். அதற்கப்புறம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் இல்லை என்பார்கள். யு.பி.எஸ். பேட்டரி முதலில் போகும், பிறகு ஹார்டு டிஸ்க். கடைசியில் ஒரு கணினியின் ரேமைக் கழற்றி இன்னொன்றில் போட்டு ஓட்டுவோம். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். ஆய்வுக்குழு வருகிற நாளில் மட்டும் ஏ.சி. ஓடும்.

நூலகர் தினத்தன்று ரங்கநாதன் படத்துக்கு எல்லா இடத்திலும் மாலை விழும். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தவர், 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஒரு கடவுச்சொல்லுக்காக மாணவரை மூன்று நாள் அலைய விடுகிறவர்களும் அதே படத்துக்குத்தான் மாலை போடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ படித்தால் மூன்று விஷயம் கேட்டுவரச் சொல்லுங்கள். எங்கள் நிறுவனம் ஒரே சந்தாவில் பதிவாகியிருக்கிறதா? வீட்டிலிருந்து திறக்க என் பெயரில் லாகின் உண்டா? பார்வையற்ற மாணவருக்கு எந்தக் கணினியில் என்.வி.டி.ஏ. போட்டிருக்கிறீர்கள்? வாயால் கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஒப்புதலான மூன்று ஆண்டுகள் 2027 டிசம்பரோடு முடிகின்றன.