பரணில் தூங்கும் மடிக்கணினிக்குப் புதுக் கர்னல்

திருக்கோவிலூர், மணலூர்ப்பேட்டை பக்கம் பல வீட்டுப் பரண்களில் அரசு கொடுத்த மடிக்கணினி தூசி படிந்து கிடக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் மந்தமாகி, பேட்டரியும் போனதும் அடுத்த இடம் பழைய இரும்புக்கடைதான். லினக்ஸின் மையமான கர்னலை நாமே தொகுக்கப் பழக இதைவிட நல்ல கருவி ஒரு மாணவருக்குக் கிடைக்காது. பேரீச்சம்பழத்துக்குப் போடுகிறோமே என்று வயிறு எரிகிறது.

கர்னலின் மூலநிரலை இறக்கியதும் பலர் முழுசாகத் தொகுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் பொருந்தும் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் அதில் உண்டு. பழைய செயலி ராத்திரி முழுக்கத் திணறும். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தால் அந்த நேரத்தில் கணினி பயன்படுத்தும் டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அதனால் கட்டளை கொடுக்கும் முன்பே பென்டிரைவ், வைஃபை, வெப்கேம் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிவிட வேண்டும். செருகாமல் விட்ட பென்டிரைவைப் புதுக் கர்னல் கண்டுகொள்ளாமல் போகலாம்.

அடுத்த பயம் மின்தடை. தொகுக்கும்போது கரண்ட் போனால் பெரிய நஷ்டமில்லை. மறுபடி ‘மேக்’ என்றால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்’, ‘மேக் இன்ஸ்டால்’ இரண்டும் ஓடும் சில நிமிடங்கள்தான் ஆபத்து. பேட்டரி செத்த கணினியை அப்போது யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். பழைய கர்னலை அழிக்கவே கூடாது. புதியது எழாவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து உள்ளே வரலாம். வந்ததும் ‘யூநேம் -ஆர்’ அடித்தால் எந்தக் கர்னல் ஓடுகிறது என்று தெரியும்.

லினக்ஸ் வழங்கலோடு வரும் அப்டேட்டே போதும் என்போர் உண்டு. அன்றாட வேலைக்கு அது போதும்தான். ஆனால் தன் கணினிக்குள் எந்த டிரைவர் எதற்கு என்று ஒரு பிளஸ் டூ பிள்ளை தேடிப் படிப்பது கர்னலைத் தொகுக்கும்போதுதான். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

இரும்புக்கடைக்குத் தூக்கும் முன் ‘எல்எஸ்சிபியு’ கட்டளையை மட்டும் ஓடவிட்டு, செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் நிறுவ வழியில்லை. ஆனால் 32 பிட் லினக்ஸ் ஓடிய பல மடிக்கணினிகளின் செயலி உண்மையில் 64 பிட். அப்படியென்றால் இன்றைய கர்னலே அதில் ஓடும்.