இரண்டரை ஏக்கரும் ஒரு நூற்றாண்டும்: தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி

நம்ம பொள்ளாச்சி பக்கம் தோட்டத்துச் சாளைக்குச் சாளை ஒரு பெருசு இருக்கும். அப்பாருவா இருக்கலாம், அப்பத்தாவா இருக்கலாம். ஊருக்குள்ள மெத்தை வீடு கட்டி வெச்சிருந்தாலும், "அங்க மூச்சு முட்டுது சாமி"ன்னு சொல்லிட்டு, சாளை வாசல்ல கயித்துக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்குவாங்க. கோழி கூப்பிட எந்திரிச்சு, தடியை ஊனிக்கிட்டு நாலு வரப்பும் சுத்தி வந்தாத்தான் அவங்களுக்குப் பொழுது விடியும்.

அப்படி ஒரு பெருசை நம்ம கோவை மாவட்டம் 2024 செப்டம்பர் 27 அன்று இழந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி. வயது 108 என்று செய்திகள் சொல்லின. 2021-ல் இயற்கை விவசாயத்துக்காக அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. விருதை எல்லோரும் பேசிவிட்டார்கள். அதைத் தாண்டி அந்த வாழ்க்கையில் நம்மைப் போன்ற உழவர்களுக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

பாட்டி தேக்கம்பட்டியில் பிறந்தவர் அல்ல. தேவலாபுரத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பாட்டி நடத்திய சிறிய கடைதான் அவருக்கு வந்த சொத்து. மளிகை, டீ, பலகாரம் என்று அதை வளர்த்து, அதில் மிச்சம் பிடித்த காசில் வாங்கியதுதான் நிலம். சுமார் பத்து ஏக்கர். பெண் பெயரில் பட்டா இருப்பதே அரிதாக இருந்த காலத்தில், தன் கைக்காசில் காடு வாங்கிய பெண் அவர். ஊராட்சி வார்டு உறுப்பினர், காரமடை ஒன்றியக் கவுன்சிலர் என்று பொது வாழ்க்கையிலும் இருந்தார். அந்த வீட்டில் தலைக்கட்டு என்றால் அவர்தான்.

காலப்போக்கில் நிலம் சுருங்கி இரண்டரை ஏக்கர் ஆனது. அதை அவர் கைவிடவில்லை. வாழை, காய்கறி, பயறு வகை என்று வெள்ளாமை நடந்துகொண்டே இருந்தது. நூறு வயதைத் தாண்டிய பிறகும் காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. "உடையவன் பார்க்காத பயிர் உருப்படாது" என்று நம்ம ஊரில் சொல்வதுண்டு. பாட்டி அதைத் தினமும் செய்து காட்டினார். பயிரைப் போய்ப் பார்ப்பதை அவர் வேலையாக நினைக்கவில்லை. வெளியில், மண்ணில், வெயிலில் இருப்பதுதான் அவருக்குப் பிழைப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "எங்க காலத்துல எல்லாம் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டவர் இல்லை அவர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு பல பத்தாண்டுகள் தொடர்பில் இருந்தவர். அங்கே உழவர் விவாதக் குழுவை அமைப்பதில் முன்னின்றவர். பேராசிரியர்களுக்கு நடுவே தேக்கம்பட்டி மளிகைக்கடைக்காரம்மா உட்கார்ந்து விவாதிக்கிறார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தெரிந்ததைச் சொல்லவும் தெரியாததைக் கேட்கவும் அவர் கூச்சப்படவில்லை.

இப்போது நம்ம கதைக்கு வருவோம்.

1960-களில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து வாய்க்கால் தண்ணி வந்த பிறகுதான் பொள்ளாச்சி பூமி இப்படி மாறியது. அதற்கு முன் மேட்டாங்காட்டில் சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி. ஊடே தட்டை, துவரை, அவரை, நரிப்பயறு, ஓரத்தில் ஆமணக்கு. இப்போது கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தென்னை. அந்தத் தென்னையில் 2016-ல் சுருள் வெள்ளை ஈ இறங்கியது. அது போதாதென்று கேரள வாடல் நோய். காய்ப்பு விழுந்த மரங்களை வெட்டிப் போட்டுவிட்டு, "இனி இந்த எடத்துல என்ன வெக்கறது?" என்று பல பேர் கைபிசைந்து நிற்கிறோம்.

தென்னைக்கு முந்தி அந்த மண்ணில் என்ன விளைந்தது, எந்த மூலையில் தண்ணி நிற்கும், எந்தத் துண்டு ஓடைக்கல், எந்த வருசப் பஞ்சத்தில் எந்தப் பயிர் தாக்குப் பிடித்தது? இந்தக் கணக்கு நம்ம பூமியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கயித்துக் கட்டிலில் படுத்திருக்கிற பெருசுகிட்டத்தான் இருக்கிறது.

பெருசுகளைச் சாமியாக்கவும் வேண்டாம். யூரியா மூட்டையை முதலில் தோட்டத்துக்குள் கொண்டு வந்ததும் நம்ம அப்பாருகள்தான். அன்றைக்கு நல்லது என்று சொன்னார்கள், நம்பினார்கள். ஆனால் உரம் வருவதற்கு முந்தி மண் எப்படி இருந்தது, வந்த பிறகு என்ன ஆனது என்று இரண்டையும் கண்ணால் பார்த்த சாட்சி அவர்கள் மட்டுமே. அந்தச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெருசோடு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். கட்டிலில் உட்கார வைத்துக் கேட்டால் "என்னத்த சாமி சொல்றது" என்பார்கள். வரப்பில் நடந்தால் தானாகப் பேச்சு வரும். ஆட்டுப் பட்டி எந்த மாசத்தில் போட்டார்கள், கொழுஞ்சியை எப்போது மடக்கி உழுதார்கள், விதைத் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்த பக்குவம் என்ன, சோளத்துக்குள் எத்தனை சாலுக்கு ஒரு சால் தட்டை விட்டார்கள் என்று கேளுங்கள். சொன்னதைத் தேதி போட்டு எழுதுங்கள். பேரன் பேத்திகளையும் கூட்டிப் போங்கள். பிறகு அதில் ஒரே ஒரு முறையை, ஒரே ஒரு செண்டில், வருகிற ஆடிப் பட்டத்தில் செய்து பாருங்கள். சரியாக வரவில்லை என்றால் மறுபடி போய்க் கேளுங்கள். பாப்பம்மாள் பாட்டி அப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாட்டிக்கு மரியாதை செய்வதென்றால் படத்துக்கு மாலை போடுவதோடு நின்றுவிடக் கூடாது. நம்ம வீட்டுப் பெருசு நாளைக் காலையில் தடியை எடுக்கும்போது, நாமும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடக்க வேண்டும்.