மாதத் தவணை என்பது கடன்: பிரிட்டனில் கார் இன்சூரன்ஸை இடையில் நிறுத்துவோர் கவனத்துக்கு

"வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதீங்க. பாதியில் ஊருக்குப் போக வேண்டி வந்தால் அந்தக் காசு போச்சு. மாசாமாசம் கட்டினால் நினைத்த நேரத்தில் நிறுத்திவிடலாம்." லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் புதிதாகக் கார் வாங்கும் நம்மவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். இரண்டு வருட புராஜெக்டுக்காகச் சென்னையிலிருந்து வந்தவர்கள், படிப்பு முடிந்து திரும்பும் மாணவர்கள், டெலிவரி வேலைக்காக அடிக்கடி வண்டி மாற்றும் இளைஞர்கள் எல்லோரும் இதை நம்பித்தான் மாதத் தவணையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அறிவுரையில் இரண்டு பாதியுமே தவறு. மொத்தமாகக் கட்டிய பணம் அப்படியே போய்விடாது. மாதத் தவணையை நினைத்த நேரத்தில் நிறுத்திவிடவும் முடியாது.

காரணம் எளிது. பிரிட்டனில் விற்கப்படும் கார் பாலிசிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு வருட ஒப்பந்தங்கள். மாதாமாதம் கட்டுகிறேன் என்று நீங்கள் சொன்னதும், இன்சூரன்ஸ் நிறுவனமோ அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு நிதி நிறுவனமோ முழு ஆண்டு பிரீமியத்தையும் உங்களுக்குக் கடனாகக் கொடுக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போவது அந்தக் கடனின் தவணை. கையெழுத்திட்ட காகிதங்களில் கடன் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று இருக்கும், அதில் ஏபிஆர் என்ற வட்டி விகிதமும் இருக்கும். சில நிறுவனங்கள் வட்டியே வாங்குவதில்லை. பல நிறுவனங்கள் 20 சதவீதத்துக்கு மேல் வாங்குகின்றன. இந்தக் கடன்கள் நியாயமான விலையில் கிடைக்கின்றனவா என்று ஆராய, நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ 2024 அக்டோபரில் தனி விசாரணையே தொடங்கியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு பிரீமியம் 720 பவுண்டு. மாதத் தவணை என்றால் 66 பவுண்டு வீதம் 12 தடவை, ஆக 792. கூடுதல் 72 பவுண்டுதானே என்று தோன்றும். ஆனால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் இதன் ஏபிஆர் ஏறக்குறைய 24 சதவீதம். மூன்று மாதம் ஓட்டியபின் பாலிசியை ரத்து செய்கிறீர்கள் என்று வையுங்கள். ரத்துக் கட்டணம் 50 பவுண்டு. மூன்று மாதக் காப்பீட்டின் விலை 180. மொத்தம் 230. முழுப் பணம் கட்டியவருக்கு 490 பவுண்டு திரும்பி வரும். தவணைக்காரர் அதுவரை கட்டியது 198. அவர் கணக்கில் அதே 230 பவுண்டும், அதுவரையிலான வட்டி 30 பவுண்டு சொச்சமும் இருக்கும். அவருக்கு ஒரு காசும் திரும்பாது. மேலும் 60 பவுண்டுக்கு மேல் அவர்தான் கட்ட வேண்டும். "நிறுத்தின பிறகும் எதுக்குக் காசு கேக்குறாங்க?" என்று குழம்பி, ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்களில் பலர் இந்தக் கணக்கில்தான் சிக்கியிருப்பார்கள்.

எல்லாப் பாலிசியிலும் நாள் கணக்குப்படி பணம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. சிலவற்றில், இத்தனை மாதம் ஓட்டியிருந்தால் இத்தனை சதவீதம்தான் திரும்பும் என்று ஓர் அட்டவணை இருக்கும். புரோக்கர் வழியாக வாங்கியிருந்தால் அவருடைய ஏற்பாட்டுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது, ரத்துக் கட்டணமும் அவர் பங்குக்குத் தனியாக வரலாம். ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் பிளாக் பாக்ஸை வண்டியில் பொருத்தியிருந்தால் அதற்கான செலவையும் கழிப்பார்கள்.

கிளெய்ம் செய்திருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். அந்த ஆண்டில் கிளெய்ம் இருந்தால் பெரும்பாலான பாலிசிகளில் ரீஃபண்ட் கிடையாது. தவணைக்காரர் மீதமுள்ள தவணைகளையும் கட்டித் தீர்க்க வேண்டும். விபத்தில் கார் முழுவதுமாகச் சிதைந்து, நிறுவனம் அதன் விலையைக் கொடுக்கும்போது, மீதித் தவணையைக் கழித்துக்கொண்டு கொடுப்பது வழக்கம். காரே இல்லை, இன்சூரன்ஸ் எதற்கு என்று கேட்பது இயல்புதான். ஆனால் பாலிசி தன் கடமையைச் செய்துவிட்டது, ஆகவே முழு ஆண்டுத் தொகையும் சேர வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைத்தான் பொதுவாக நியாயம் என்றும் ஏற்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நம் பிள்ளைகள் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வங்கி ஆப்பில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அதனால் பாலிசி ரத்தாகிவிடாது. தவணை தவறியதாகத்தான் பதிவாகும். எச்சரிக்கைக் கடிதங்கள் பழைய வாடகை வீட்டுக்குப் போகும், பிரிக்க ஆள் இருக்காது. கடைசியில் நிறுவனமே பாலிசியை ரத்து செய்துவிடும். நீங்களாக ரத்து செய்வதற்கும் நிறுவனம் ரத்து செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பின்னாளில் எந்த இன்சூரன்ஸ் விண்ணப்பத்திலும், "உங்கள் பாலிசியை எந்த நிறுவனமாவது ரத்து செய்திருக்கிறதா?" என்ற கேள்வி வரும். ஆம் என்றால் பிரீமியம் எகிறும். இல்லை என்று பொய் சொன்னால் புதிய பாலிசியே செல்லாமல் போகலாம். கடன் பதிவேட்டிலும் கறை விழும், அது வீட்டுக் கடன் வரை தொடரும்.

ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்து, பாலிசி ரத்தானது தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டால் இன்னும் மோசம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயின்ட். வண்டியையும் போலீஸ் தூக்கிப் போகலாம். பிரிட்டனில் முதல் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 பாயின்ட் என்றால் லைசென்ஸே பறிபோகும். ஓட்டாமல் தெருவில் நிறுத்தி வைத்திருந்தாலும் இன்சூரன்ஸ் வேண்டும். வேண்டாமென்றால் வண்டியைத் தனியிடத்தில் நிறுத்தி, சாலையில் இல்லை என்று வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவிடம் அறிவிக்க வேண்டும். அதைத்தான் சார்ன் என்கிறார்கள்.

ஆகவே முறையாக நிறுத்துங்கள். வண்டி கைமாறும் தேதி உறுதியானதும் நிறுவனத்தை அழைத்து, எந்தத் தேதியிலிருந்து ரத்து, கட்டணம் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று கேட்டு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கடனுக்கு இறுதிக் கணக்கு முடிந்தபிறகே டைரக்ட் டெபிட்டைத் தொடுங்கள். ரீஃபண்ட் நீங்கள் பணம் கட்டிய அதே அட்டைக்கோ கணக்குக்கோதான் பொதுவாக வரும் என்பதால், அது வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். நோ கிளெய்ம் போனஸ் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பத்தாவது, பதினொன்றாவது மாதத்தில் ரத்து செய்யப் போகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். ஆண்டு முழுமையாகாவிட்டால் அந்த வருட போனஸ் பொதுவாகச் சேராது. மிச்சமாகும் சில பவுண்டைவிட அது பெரிது. வண்டியை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் ரத்தே தேவையில்லை, அதே பாலிசியில் புது வண்டியைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சில மாதங்களே ஓட்டப் போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால், உண்மையிலேயே மாதம் மாதம் புதுப்பிக்கும் பாலிசிகளையும் தற்காலிகக் காப்பீட்டையும் விசாரித்துப் பாருங்கள்.

வாங்கிய புதிதில் மனம் மாறினால் 14 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. பாலிசி தொடங்கிய நாள், ஆவணங்கள் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். காப்பீடு இருந்த நாட்களுக்கும் நியாயமான நிர்வாகச் செலவுக்கும் மட்டுமே கழிக்கலாம்.

ரத்தை வைத்தே பிழைக்கும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். கோஸ்ட் புரோக்கர் என்று போலீஸ் சொல்லும் இந்த ஆட்கள், ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் "குறைந்த விலையில் எடுத்துத் தருகிறேன்" என்று நம் மொழியிலேயே பேசுவார்கள். அசல் பாலிசியை எடுத்து, காகிதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு, சில நாளில் அதை ரத்து செய்து ரீஃபண்டைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிக்கொள்வார்கள். சாலையில் போலீஸ் நிறுத்தும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். தெரிந்த அண்ணன் சொன்னார் என்பதற்காக நம்பாதீர்கள். புரோக்கர் பெயர் எஃப்சிஏ பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் வண்டி எண் இன்சூரன்ஸ் தகவல்தளத்தில் இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

கட்டணம் அநியாயம் என்று தோன்றினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு 8 வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். ரத்துக் கட்டணத்தை விற்கும்போதே தெளிவாகச் சொன்னார்களா, தவணை தவறியபோது எச்சரித்தார்களா, கிளெய்ம் இல்லாதபோதும் ரீஃபண்டை ஏன் மறுத்தார்கள் என்பவையே அங்கே எடைபோடப்படும் கேள்விகள். பாலிசி வாங்கிய அன்று வந்த மின்னஞ்சலையும், அழைத்துப் பேசிய தேதிகளையும் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.