அப்பா விழுங்குவதைப் பார்த்து

ராகி முத்தேயை எப்படிச் சாப்பிடுவது என்று மைசூரு வீடுகளில் யாரும் பிள்ளைக்கு வகுப்பெடுப்பதில்லை. மெல்லாமல் விழுங்க வேண்டிய களி உருண்டை அது. மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். ஒரு துண்டு கிள்ளி, விரலால் குழித்து, பஸ்ஸாரில் புரட்டி, தொண்டைக்குள் நழுவ விடுகிற வித்தை, அப்பா சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்துப் படிவது. கீரையும் பருப்பும் வேகவைத்து வடித்த நீரில் மசாலா அரைத்துவிட்டால் பஸ்ஸாரு. வடிகட்டிய கீரையும் பருப்பும் பொரியலாகிவிடும். அத்தனையும் ஒரே வேளையில் உள்ளே போய்விடுகின்றன, சத்து என்று ஒருவரும் வாயெடுக்காமலே.

ஹார்ப்பர், சாண்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பிள்ளைகள் பார்த்துச் சாப்பிடப் பழகுவதைச் சோதித்து 1975-ல் எழுதினார்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பழக்கமில்லாத பண்டத்தை வெறுமனே நீட்டியபோது வாங்கித் தின்றவர்கள் குறைவு. பெரியவர் தானும் தின்றபோது வாயில் போட்டுக்கொண்டவர்கள் அதிகம். தின்றது அம்மா என்றால் இன்னும் அதிகம்.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ருசி பழகத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ அம்மா கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் வாசமுள்ள கூழுக்கு அவ்வளவாக முகம் சுளிப்பதில்லை என்று ஆய்வாளர் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-ல் கண்டார்கள்.

கருவில் தொடங்குவது ருசி மட்டுமல்ல. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1997-98-ல் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஒன்பது வயதுவாக்கில் உடற்கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாக இருந்தன. இது பார்த்துக் கற்றதல்ல, கருவிலேயே வந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை வீட்டில் எதைப் பார்த்து வளர்கிறது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இதற்காக அம்மாவை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் இயங்குகிற ஊர் இது. இங்கேயும் ராத்திரி டிவி முன்னால் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தபடி "கண்ணா, கேரட் சாப்பிடு" என்கிற அப்பாக்களுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களே பிள்ளையைத் தேவராஜா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், வாங்கிபாத்துக்கென்று பச்சைக் கத்திரிக்காயாகப் பார்த்துப் பொறுக்க வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். மத்தியானம் தட்டில் அந்தக் கத்திரிக்காயை ஓரமாக ஒதுக்குவதும் அவர்களே. பிள்ளையும் அதே ஓரத்தில்தான் ஒதுக்குகிறது.